அப்புறம் பதிஞ்சுக்கலாம்

அல்ஜீரியாவில் எங்கள் ஓரான் நகரத்தில் பூனைக்கு அடுத்தபடியாக அதிகம் இருக்கிற பிராணி எது தெரியுமா? பதியாதவன். துறைமுகத்திலிருந்து மேட்டுக் குடியிருப்பு வரைக்கும் நடந்து பாருங்கள். வெயில் கொளுத்துகிற மதியத்தில் எந்த வீட்டு ஜன்னல் இறுக மூடியிருந்து, உள்ளேயிருந்து ஒரே நாலு சுரம் வந்து வந்து போய்க்கொண்டிருக்கிறதோ, அந்த வீட்டில் ஒருவன் இருக்கிறான். கதவைத் தட்ட வேண்டாம். திறக்க மாட்டான். திறந்தாலும், "செருப்பை மெதுவா கழட்டுங்க, இயந்திரம் சூடேறிக்கிட்டு இருக்கு" என்பான்.

பதியாதவன் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறியோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். இவன் காலையில் எழுந்து காப்பி குடிக்கும் முன்னால் வேலையை ஆரம்பிக்கிறவன், சாப்பாட்டை மறக்கிறவன், உறவுக்காரன் கல்யாணத்தை மறக்கிறவன், உழைத்து உழைத்துக் கண் குழி விழுந்தவன். என்ன, முடிக்க மட்டும் மாட்டான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் ஒலிக்கிற ராய் பாட்டுக்கு சிந்தசைசர் இல்லாமல் முடியாது. பாடகன் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சத்தம் இழுத்துக்கொண்டு வருமே, கேட்டவுடன் தோள் தானாக ஆடுமே, அது அந்த இயந்திரம். இப்போதெல்லாம் கணினியை வைத்துத்தான் வேலை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி அமுக்கவேண்டும் என்று கணினி சொல்லும். இயந்திரம் கேட்டுக்கொண்டு பாடும். கணினியில் இருப்பது விரல் கணக்கு மட்டும். சத்தம் அங்கே இல்லை, சத்தம் இயந்திரத்தில் இருக்கிறது. ஆகவே புத்தியுள்ளவன் என்ன செய்வான்? இயந்திரம் பாடும்போது ஒரு கம்பி போட்டு அந்தச் சத்தத்தைச் சத்தமாகவே கணினியில் பதிந்துவிடுவான். பதிந்தாயிற்றா, முடிந்தது. அப்புறம் இயந்திரம் உடையட்டும், எரியட்டும், கடலில் விழட்டும். பாட்டு பிழைத்துக்கொள்ளும்.

பதியாதவன் இதைச் செய்ய மாட்டான். விரல் கணக்கைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பாட்டு தயார் என்பான். சமையல் குறிப்பைத் தட்டில் வைத்து, சாப்பிடுங்கள் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கேட்டால் கோபம் வரும். "பதிஞ்சுட்டா அப்புறம் மாத்த முடியாதே அண்ணே" என்பான். மாற்ற முடியாமல் போவதற்குத்தானய்யா பதிவது!

அவனிடம் சில சடங்குகள் உண்டு. முதலில் சூடேற்றுவது. நல்ல அடுப்பு கூடச் சீக்கிரம் சூடாகிவிடும், இவன் இயந்திரம் ஆகாது. அடுத்தது காற்று. கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று அடித்தால் சுரம் இறங்குமாம். தெற்கே பாலைவனத்திலிருந்து அடித்தால் ஏறுமாம். காற்றே அடிக்காவிட்டால் இயந்திரத்துக்கு மூச்சு முட்டுமாம். அதற்கப்புறம் கம்பி. உலகத்தில் நல்ல கம்பி ஒன்றே ஒன்றுதான், அது பக்கத்து ஊரான மஸ்தாகனத்தில் அவன் சகலை வீட்டில் இருக்கிறது. எல்லாம் கூடி வந்துவிட்டதா? அப்போது ஒரு குமிழை மயிரிழை திருப்பிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான். "வித்தியாசம் தெரியுதா?" தெரியவில்லை என்றால் நீங்கள் செவிடு. தெரிகிறது என்றால், "அப்ப முன்னாடி இருந்தது தப்புன்னு ஒத்துக்கறீங்க" என்று மறுபடியும் ஆரம்பிப்பான். நீங்கள் சிவப்புப் பொத்தான் பக்கம் விரலை நீட்டினால் போதும், தேநீர் வந்துவிடும். புதினா வாசனையோடு தேநீர் வந்தால் கையில் வாங்காமல் இருக்க முடியுமா? கண்ணாடிக் குவளை சுடும், பிடித்த கையை எடுக்க முடியாது. எத்தனையோ பாட்டுகளை எங்கள் ஊரில் தேநீர்தான் கொன்றிருக்கிறது.

நான் சித்தி எல்-ஹூவாரிப் பேட்டையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். ஒரு பக்கச் சுவருக்கு அந்தப்புறம் ரொட்டிக்கடை. அடுப்பு விசிறி ஓடாத நேரத்தில் பதிவு. அது சின்ன இடம்தான், ஆனால் பதியாதவர்களை அங்கே வகை வகையாகப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தனைச் சொல்கிறேன், மற்றவர்களை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

அவன் பெயர் மிலூத். எக்முல் பக்கம் மூன்றாவது மாடியில் வீடு. விரல் என்றால் அப்படி ஒரு விரல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொறாமையில் எழுதுகிறேன் என்பீர்கள். அவனிடம் இருந்தது பழைய இயந்திரம். மார்செய்ல் கப்பலில் வந்தது என்று ஒரு நாள் சொல்வான், அலிகாந்தே கப்பலில் வந்தது என்று இன்னொரு நாள் சொல்வான். பிற்பாடு யாரோ அதன் முதுகில் ஓட்டை போட்டு, வயர் வைத்து, கணினியோடு பேசப் பழக்கியிருந்தார்கள். ஆனால் அதற்கு ஞாபகசக்தி கிடையாது. முகம் பூராவும் குமிழ். குமிழ்கள் எந்த நிலையில் நிற்கின்றனவோ அதுதான் சத்தம். ஒன்று நகர்ந்தால் சத்தமும் நகர்ந்துவிடும்.

அவன் வீட்டுக்குள் போனாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். சமையல்கட்டுச் சுவர் பாதி வரைக்கும் பச்சை, மேலே சிமெண்டு. எந்தப் பச்சை என்று முடிவாகவில்லையாம். கதவுக்குக் கைப்பிடி இருக்கிற இடத்தில் ஒரு துணி முடிச்சு. அவன் மனைவி கைரா அந்த முடிச்சைப் பிடித்து இழுத்துக் கதவைத் திறக்கிற வேகத்தைப் பார்த்தாலே, அந்தக் குடும்பத்தின் வரலாறு எனக்குப் புரிந்தது.

விவகாரம் ரெகியாவின் பாட்டால் வந்தது. ரெகியா பாடகி. கல்யாண வீடுகளில் பெண்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் நின்று பாடுகிறவள். மற்றவர்கள் பாடிப் புகழ் வாங்கிய பாட்டையெல்லாம் அவர்களைவிட நன்றாகப் பாடுவாள், பெயர் மட்டும் அவர்களுக்குப் போகும். வயது ஐம்பதைத் தொட்ட பிறகு ஒரு நாள் என் கூடத்துக்கு வந்து, தனக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்றாள். எழுதினோம். தாளம் பதிந்தோம். குரலும் பதிந்தோம். குரலைக் கேட்டு ரொட்டிக்கடைக்காரன் விசிறியைத் தானாகவே நிறுத்தினான். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஹாஜி தையெப் என்று ஒருத்தர். எங்கள் பகுதிக் கல்யாண மண்டபங்களுக்கெல்லாம் பாடகர் ஏற்பாடு செய்கிறவர். நோன்பு மாதம் ஆரம்பிக்கும் முன்னால் பாட்டைக் கேட்பார். பிடித்தால் பெருநாளுக்குப் பிறகு கோடை முழுவதும் அந்தப் பாடகிக்கு மண்டபம் உண்டு. பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம். முடியாத பாட்டைக் கேட்க மாட்டார். "வெந்ததும் கூப்பிடு" என்பார். ரெகியாவின் பாட்டு முழுசாக வெந்திருந்தது, ஆரம்பத்தில் வருகிற சிந்தசைசர் இழுப்பைத் தவிர.

அதை மிலூத்திடம் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாமா? அவன் இழுக்கிற இழுப்பை ஒரு முறை கேட்டிருந்தால் நீங்களும் அவனிடம்தான் கொடுத்திருப்பீர்கள்.

இயந்திரத்தை வீட்டை விட்டு வெளியே எடுக்க முடியாது, குமிழ் நகர்ந்துவிடும் என்றான். சரி, நாமே போவோம் என்று பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். ரெகியாவும் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். சூடேற்றம் முடிந்தது. காற்று விசாரணை முடிந்தது. கணினியை ஓடவிட்டான்.

தொண்டை அடைத்த ஒருத்தி, அழுதுவிடுவோமோ என்று பயந்து, சட்டென்று வேறு பேச்சு பேச ஆரம்பிப்பாளே, அந்த மாதிரி ஒரு சத்தம். எங்கள் ஊர்ப் பாட்டுக்கு வேண்டிய அந்தக் கால் சுரம், வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவில் எங்கேயோ இருக்குமே, அதைச் சரியாகப் பிடித்து, இழுத்து, விட்டது. ரெகியா குனிந்துகொண்டாள். தேநீர் கொண்டுவந்த கைரா தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் பதிவுப் பெட்டி பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"இன்னும் ஆகல, இன்னும் ஆகல!" மிலூத் பாய்ந்து வந்து என் கையைத் தள்ளிவிட்டான். கைராவின் கையில் தட்டு ஆடிக் குவளைகள் கலகலத்தன.

"சும்மா ஒரு பாதுகாப்புக்குப் பதிஞ்சு வைப்போம் தம்பி" என்றேன்.

"பாதுகாப்புக்குன்னு பதிஞ்சா அதையே பாட்டுல போட்டுடுவீங்க அண்ணே."

அது உண்மைதான். போட்டுத்தான் இருப்பேன்.

குமிழ்கள் நிற்கிற நிலையை ஒரு படமாவது எடுத்து வைப்போம் என்றேன். முடிந்த பிறகு எடுக்கலாம் என்றான். முடியாததைப் படம் எடுத்தால் அது அப்படியே நின்றுவிடுமாம்! ரெகியா கைப்பையை மூடிக்கொண்டு, அடுத்த தடவை வருகிறேன் தம்பி என்று எழுந்தாள்.

அடுத்த தடவையும் போனோம். அன்றைக்குக் கடல்காற்று. அதற்கடுத்த தடவை கீழ்வீட்டில் சுவர் இடித்தார்கள். அந்த அதிர்ச்சியில் இயந்திரம் மனம் நொந்திருக்கிறது என்றான். இன்னொரு தடவை எல்லாம் சரியாக இருந்தது. காற்று இல்லை, சத்தம் இல்லை, கம்பி கூட மஸ்தாகனத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தது. அன்றைக்குத்தான் ஆள் நடுங்கிப்போனான். குற்றம் சொல்ல ஒன்றுமே கிடைக்காமல், அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், கடைசியில் தன் காதிலேயே அடைப்பு என்று சொல்லிப் படுத்துக்கொண்டான்.

பாருங்கள், இவர்களுக்கு சத்தம் சரியில்லை என்பதெல்லாம் ஒரு சாக்கு. பதியாத வரைக்கும் அது உலகத்திலேயே சிறந்த சத்தம். பதிந்தால்? நாலு பேர் கேட்பார்கள். அதில் ஒருத்தன், பரவாயில்லை என்பான். அந்த ஒரு 'பரவாயில்லை'க்குப் பயந்து ஒரு மனிதன் எத்தனை பேர் வயிற்றில் அடிப்பான் என்று நினைக்கிறீர்கள்?

நோன்பு நெருங்கியது. எங்கள் ஊரில் நோன்புக்கு முன்னால் வீடு கழுவுவது என்றால் ஏனோதானோ என்று கழுவுவது இல்லை. மெத்தையைப் பிரித்துக் கம்பளியை அலசிக் காயப்போடுவார்கள். மாடி மாடியாகப் போர்வை தொங்கும். சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்கு சோப்பு, கண்ணாடிக்கு வினிகர். தெருவே ஊறுகாய் போட்டது மாதிரி வாசம் அடிக்கும். அந்த நாட்களில் ஆண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள், இருந்தால் அவர்களையும் துடைத்துவிடுவார்கள்.

ஹாஜி தையெப் பாட்டைக் கேட்க வர ஒரு நாள் குறித்திருந்தார். அதற்கு முந்தின நாள் மதியம் மிலூத்திடமிருந்து போன் வந்தது. எடுத்தால் ஆள் பேசவில்லை, மூச்சு மட்டும் வருகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வீடு பளபளவென்று இருந்தது. அறைக்குள் போனேன். இயந்திரமும் பளபளவென்று இருந்தது. கடையில் வாங்கியது போல ஒரு தூசு இல்லை. முகத்தில் இருந்த குமிழ்கள் அத்தனையும், ஒன்று விடாமல், நெட்டுக்குத்தாக மேலே பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றன. அணிவகுப்பில் நிற்கிற பட்டாளம் கூட அவ்வளவு ஒழுங்காக நிற்காது.

மிலூத் தரையில் உட்கார்ந்திருந்தான். கைரா கையில் ஈரத்துணியோடு நின்றாள்.

"ஒண்ணு இந்தப் பக்கம் பார்க்குது, ஒண்ணு அந்தப் பக்கம் பார்க்குது. கோணல் மாணலா நின்னுச்சு" என்றாள் என்னிடம். "துடைச்சு எல்லாத்தையும் நேரா வச்சேன். இப்பத்தான் மனுஷங்க வீட்டுச் சாமான் மாதிரி இருக்கு."

"அது என் பாட்டு, கைரா" என்றான் மிலூத். அழுவது போல இருந்தது குரல்.

"பாட்டு கணினியிலதானே இருக்கு? இதை அந்த மூலைக்கு நகர்த்தலாம்னு நான் சொன்னப்பல்லாம் நீதானே சொன்ன, எல்லாம் கணினியில இருக்கு, ஒண்ணும் போகாதுன்னு."

மிலூத் என்னைப் பார்த்தான். நான் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே மனுஷா. போன வாரம் கேட்டேன், அப்புறம்னே. முந்தாநாள் கேட்டேன், அப்புறம்னே. கதவுக்குக் கைப்பிடி கேட்டேன், அதுவும் அப்புறம். நோன்பு மட்டும் அப்புறம் வரேன்னு சொல்லுமா?"

துணியை வாளியில் பிழிந்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். இன்றைக்கு வரைக்கும் அவள் வேண்டுமென்றே செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

மிலூத் எழுந்தான். "விரல் கணக்கு எல்லாம் அப்படியே இருக்கு அண்ணே. ஒரு கட்டை கூடப் போகல" என்று கணினியைத் திறந்து காட்டினான். அப்போதும் அதில் ஒரு பெருமை. ஓடவிட்டான். இயந்திரத்திலிருந்து துறைமுகக் கப்பல் ஊதியது. நாலு குமிழைத் திருப்பினான், கொசு வந்தது. இன்னும் இரண்டைத் திருப்பினான், பல் வைத்தியர் வீட்டுக்குப் போய்விட்டோம். "கிட்ட வந்துட்டேன், கிட்ட வந்துட்டேன்" என்று வியர்த்து வழிந்துகொண்டே திருப்பினான். அந்தக் கால் சுரம் போன இடம் தெரியவில்லை. அழப் பயந்த அந்தப் பெண்ணைக் காணோம். கல்யாணச் சாப்பாட்டுக்கு இடம் கிடைக்காமல் சண்டை போடுகிறவள் ஒருத்திதான் கிடைத்தாள்.

அந்த நேரத்தில் ரெகியா மாடி ஏறி வந்தாள். மறுநாள் ஹாஜி வருகிறார், பதிவு முடிந்திருக்கும் என்று நினைத்து, காகிதத்தில் சுடச்சுட கரன்டிகா வாங்கி வந்திருந்தாள், கடலை மாவு வாசம் வினிகர் வாசத்தைத் தாண்டி வந்தது. நடந்ததை நான்தான் சொன்னேன். அவள் கத்தவில்லை. உட்கார்ந்தாள். பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். கொசுவையும் கப்பலையும் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ஒரு வாரம் குடுங்க அக்கா" என்றான் மிலூத். "ஹாஜிகிட்ட அண்ணன் சொல்லுவாரு. முன்னாடியைவிட நல்லா வரும்."

ரெகியா கைப்பையைத் திறந்தாள். பழைய போன் ஒன்றை எடுத்தாள், மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. எதையோ தேடி அமுக்கினாள்.

அந்த அறையில் அந்த இழுப்பு மறுபடியும் அழுதது. தொண்டை அடைத்து, பயந்து, பேச்சை மாற்றி, அந்தக் கால் சுரத்தைப் பிடித்து இழுத்து, விட்டது. முதல் நாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அப்போது எடுத்தது. வீட்டில் காய் நறுக்கும்போது கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் குரல் எடுக்கவேண்டும் என்று பழகுவதற்காக எடுத்தாளாம். இழுப்பு உச்சிக்குப் போகிற இடத்தில் குவளைகள் கலகலத்தன. அதற்கு மேலே மிலூத்தின் குரல், தெளிவாக: இன்னும் ஆகல, இன்னும் ஆகல.

மிலூத்தின் முகம் மலர்ந்தது, அப்புறம் சுருங்கியது. "அக்கா, இதைப் போட முடியாது. தட்டுச் சத்தம் இருக்கு. என் குரல் இருக்கு."

"இருக்கட்டும் தம்பி. யார் தடுத்தான்னு ஊருக்குத் தெரியட்டும்."

"ஒரே ஒரு வாரம்."

"என் தொண்டைக்குக் குமிழ் கிடையாது தம்பி" என்றாள் ரெகியா. "இந்த வருஷம் எட்டுற சுரம் அடுத்த வருஷம் எட்டுமான்னு எனக்கே தெரியாது. நீ திருப்பிக்கிட்டு இரு. நான் பாடிட்டுப் போறேன்."

அவன் பதில் சொல்வதற்குள் நான் போனில் கம்பியைச் செருகிவிட்டேன். பழைய போன், நல்லவேளையாகக் கம்பி செருக ஓட்டை இருந்தது. கைரா பின்னாலிருந்து தேநீர் வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். பாட்டின் அந்தத் துண்டு ஓடுகிற நேரம்தான் ஆயிற்று. முடிந்தது. பார்த்தீர்களா, எவ்வளவு சின்ன வேலை!

கூடத்துக்கு வந்து தாளத்தின்மேல் வைத்தேன். அச்சாக உட்கார்ந்தது. கணினி சொல்லி இயந்திரம் பாடியது அல்லவா, வேகம் இம்மி பிசகவில்லை. அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்த விரல் கணக்கால் கிடைத்த ஒரே பிரயோஜனம் அதுதான், அதையும் சொல்லிவிடவேண்டும். அவன் குரலை வெட்டிப் பார்த்தேன். இழுப்பின் மிக அழகான இடத்தில்தான் வந்து உட்கார்ந்திருந்தது. அதை வெட்டினால் இதுவும் போயிற்று. தட்டையும் குரலையும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஹாஜி தையெப் மறுநாள் வந்தார். கையில் ஜெபமாலை, கண் மூடியிருந்தது. இழுப்பு ஆரம்பித்ததும் மாலை நின்றது. அந்தக் குரல் வந்ததும் கண் திறந்தது. ரெகியா என் நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்தாள், அவள் விரல் என் தோளில் குத்தியது.

எங்கள் பாட்டுகளில் நடுவில் ஒருத்தன் கத்துவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இது மாப்பிள்ளை வீட்டாருக்கு, இது இன்ன தெருக்காரருக்கு, இது இன்னாரின் நல்ல மனசுக்கு என்று கூவுவான். அது இல்லாத பாட்டு உப்பில்லாத பாட்டு.

"யாரு இந்தக் கத்துற ஆளு?" என்றார் ஹாஜி.

நான் கீழே கிடந்த கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"மத்தவனெல்லாம் கூலிக்குக் கத்துறான். இவன் நெசமாவே பதறுறான். நல்லா இருக்கு" என்றார். மாலையை உருட்ட ஆரம்பித்தார். "வெந்துடுச்சு."

ரெகியா நாற்காலியை விட்டாள்.

பெருநாள் முடிந்து கல்யாணங்கள் ஆரம்பித்தன. இந்தக் கோடையில் ஓரானில் நீங்கள் ஒரு கல்யாணத்துக்காவது போயிருந்தால் மீதியை நான் சொல்லவேண்டியதில்லை. ரெகியா பெண்கள் பக்கத்தில் இல்லை, நடு மேடையில் நின்றாள். இழுப்பு ஆரம்பிக்கும். குவளைகள் கலகலக்கும் இடம் வந்ததும் மண்டபமே எழுந்து நிற்கும். கிழவர், குழந்தை, சமையல்காரர், வாசலில் கார் பார்த்துக்கொள்கிறவர் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு ஒரே குரலில், "இன்னும் ஆகல, இன்னும் ஆகல!" சரியாக அந்த நேரம் பார்த்து மணப்பெண்ணை உள்ளே அழைத்து வருகிறார்கள். வருகிறவளைப் பார்த்து ஊரே இன்னும் ஆகல என்று கத்துகிறது. மாப்பிள்ளைகளின் அம்மாக்கள் ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள், பிறகு அவர்களே முதலில் கத்த ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒரு கல்யாணத்தில் மிலூத்தைப் பார்த்தேன். மணப்பெண் கைரா பக்கத்துச் சொந்தம். ஓர மேசையில் உட்கார்ந்திருந்தான். தன் குரலை நானூறு தொண்டைகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். தன் இழுப்புக்கு ஊரே தோள் ஆட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவன் கையிலிருந்து ஒரு பாட்டு வெளியே போயிருந்தது, அதுவும் அவன் தள்ளிவிட்ட கையைத் தாண்டி. சந்தோஷப்படுவான், ஒரு நன்றியாவது சொல்வான் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

என் காதருகே குனிந்தான்.

"அண்ணே, அந்த ரெண்டாவது 'இன்னும்' இருக்கே, அது கொஞ்சம் இறங்கி வந்திருக்கணும். இப்ப எனக்கு அது எப்படின்னு பிடிபட்டுடுச்சு. அடுத்த வாரம் வீட்டுக்கு வாங்க, இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துடுவோம்."

கைரா அந்தப் பக்கம் மேசையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே குலவையிட்டாள்.

அவ்வளவுதான் மிலூத் கதை. நன்றாகச் சிரித்தீர்கள், சிரியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்களிடம் சிந்தசைசர் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் போனில் யாருக்கோ எழுதி, ஒரு சொல்லை மாற்றி, மறுபடி மாற்றி, இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறீர்களே ஒன்று, அது என்ன? போட்டோ எடுத்தாயிற்று, எதை மாட்டுவது என்று முடிவாகாமல் வெறும் ஆணி மட்டும் நிற்கிறதே சுவரில், அது யார் அடித்த ஆணி? கேட்டால் எல்லாம் தயார், மனசுக்குள் முழுசாக இருக்கிறது, அப்புறம் என்கிறீர்கள்.

நல்லது, இருக்கட்டும். ஆனால் காதைக் கொஞ்சம் தீட்டிக் கேளுங்கள். உங்கள் வீட்டிலும் அடுத்த அறையில் யாரோ வாளியில் துணியை நனைக்கிற சத்தம் கேட்கிறது.